ஜியென் கேட்ட மூன்றாவது பொருள்

பீங்கான் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்டது. பிறகு ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் உல்போல்சினுக்கு அடையாளம் தெரியும். அது அவள் அக்கா ஷோல்பானின் சிரிப்பு.

ஆனால் அந்தப் பக்கத்து அறைக்குப் போக வேண்டுமானால், உல்போல்சின் காலையில் பேருந்து ஏறிப் பொழுது சாயும்வரை புல்வெளியைக் கடக்க வேண்டும். அவள் உட்கார்ந்திருந்தது செம்புச் சுரங்கத்தின் தொழிலாளர் விடுதியில், ஓர் இரும்புக் கட்டிலில், மடியில் கிழட்டு லேப்டாப்போடு. கிண்ணங்கள் உரசியது பால்காஷ் ஊரில், ஏரியைப் பார்த்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், அவள் அம்மா நகிமாவின் வீட்டுக் கூடத்தில்.

அந்த வீட்டின் சின்ன அறையில்தான் அவளுடைய கம்ப்யூட்டர் இருந்தது. விளையாட்டு ஓடிக்கொண்டிருந்ததும் அதில்தான். மடியில் இருந்த லேப்டாப்புக்கு அந்த விளையாட்டைத் தாங்கும் சக்தி கிடையாது. வீட்டுத் திரையில் தெரிவதை நெட் வழியாக இங்கே காட்டும், இவள் விரல் அசைவை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். சேருவதற்குள் அரை இமைப்பு நேரம் பிந்திவிடும். அதனால் எதிரி தலைகாட்டிய பிறகு சுடுகிற வழக்கமே உல்போல்சினிடம் இல்லை. அவன் எங்கே வந்து நிற்பான் என்று முன்கூட்டியே நினைத்து, வெறும் இடத்தைப் பார்த்துச் சுடுவாள். அவன் வந்து விழுவான்.

அம்மாவோடு பேசுவதற்காக வீட்டுக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு மைக் ஒட்டியிருந்தாள். முந்தின நாள் பேசிவிட்டு அதை அணைக்க மறந்துபோனாள். அதனால் அந்தக் கூடத்துச் சத்தம் அவள் காதுக்கு மட்டுமல்ல, விளையாட்டில் அவளோடு நின்ற நான்கு பேர் காதுக்கும் போய்க்கொண்டிருந்தது.

"கேப்டன், உங்க வீட்ல விருந்து போல. கறி வாசனை இங்க வரைக்கும் அடிக்குது," என்றான் தராஸ் ஊரிலிருந்து திமூர்.

"வாயை மூடிட்டுப் பாலத்தைப் பாரு. இடது பக்கம் ரெண்டு பேர் வருவாங்க," என்றாள் உல்போல்சின்.

வந்தார்கள். விழுந்தார்கள். வதீம் பவ்லதாரிலிருந்து சீட்டி அடித்தான்.

அது இறுதி ஆட்டம். நாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும் வந்த அணிகளில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. இவர்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. மூன்று வருடமாகச் சேர்ந்து விளையாடி இப்போதுதான் இந்த இடத்துக்கு வந்திருந்தார்கள். கேப்டனின் தொடர்பு அறுந்தால் ஆட்டம் எதிர் அணிக்குப் போய்விடும் என்பது விதி. அதற்காகவே உல்போல்சின் அம்மாவிடம் பல முறை சொல்லியிருந்தாள்: இன்றைக்கு அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது.

கூடத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது. ஷோல்பானின் மகன் ஜான்தோஸ். அஸ்தானாவில் பேங்க் வேலை.

"அம்மாச்சி, ஒண்ணு கேப்பேன். இல்லேன்னு சொல்லக்கூடாது."

"கேளுடா கண்ணு. ஜியெனுக்கு இல்லேன்னு சொல்ற வீடா இது?" என்றாள் நகிமா.

உல்போல்சினின் கை நின்றது.

ஜியென் என்றால் அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் பிள்ளை. அவன் தன் வாழ்நாளில் மூன்று முறை தாய்வீட்டுப் பொருளில் எதைக் காட்டிக் கேட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்து அவன் மனதை நோகடித்தால், மறுத்தவரின் கை சாகும்வரை நடுங்கும் என்பார்கள். ஜான்தோஸ் முதலில் கேட்டது ஒரு குதிரைக்குட்டி. ஊருக்கு வெளியே அப்பா வளர்த்த குதிரை ஈன்றது. அப்போது அவனுக்கு ஏழு வயது. அந்தக் குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் உல்போல்சின். கயிற்றைப் பிடித்துக் கொண்டுபோய் அக்கா வீட்டு வண்டியில் ஏற்றியவளும் அவள்தான். இரண்டாவதாக அப்பாவின் வெள்ளிப் பட்டை பதித்த இடுப்புவார். அப்பா இறந்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அந்தச் சின்ன ரூம்ல இருக்கே, சித்தியோட கம்ப்யூட்டர். அது வேணும்."

கிண்ணச் சத்தம் நின்றுபோனது.

"கேப்டன், பாலம் போகுது. எங்க இருக்கீங்க?" என்றான் வதீம்.

"அது வந்து கண்ணு," என்றாள் நகிமா. குரல் இறங்கியிருந்தது. "அது அவளுக்கு வேணும்டா. இப்பக்கூட அங்கிருந்து அதுல என்னமோ பண்ணிட்டிருக்கா. வேற ஏதாவது கேளேன். சுவர்ல இருக்கிற கம்பளம் கேளேன்."

"கம்பளத்தை வெச்சு நான் என்ன பண்றது அம்மாச்சி? எனக்குப் பாத்திருக்கிற பொண்ணோட தம்பிக்குப் பெருசா ஏதாவது செய்யணும். அவன் இந்த மாதிரிதான் கேக்கறான். அவங்க வீட்ல சொல்லிட்டேன்."

ஷோல்பான் குறுக்கே வந்தாள். "அம்மா, என்ன யோசனை? நாப்பத்திமூணு வயசுல ஒருத்தி துப்பாக்கி வெச்சு விளையாடறா. வெளியில சொன்னா சிரிப்பாங்க. புருஷன் இல்ல, புள்ள இல்ல, அந்தப் பெட்டிதான் அவளுக்குக் குடும்பம். அது போனாலாவது புத்தி வரும். பையனுக்கு நல்ல இடம் அமைஞ்சிருக்கு, கெடுத்துடாதே."

நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திமூர் வழக்கமாக எதற்கும் சிரிப்பவன். இப்போது மூச்சுகூட விடவில்லை.

நகிமா மெல்லச் சொன்னாள். "எடுத்துக்கோ கண்ணு."

உல்போல்சினின் காதோரம் சுட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரின் ஒலிபெருக்கியை உச்சத்துக்கு ஏற்றிக் கத்தினாள். விடுதியின் மெல்லிய சுவருக்கு அந்தப்புறம் தூங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் நினைவில் இல்லை.

"ஜான்தோஸ். அது மேல கை வைக்காதே."

பால்காஷில் ஏதோ ஒன்று கீழே விழுந்து உடைந்தது. யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். காலடிகள் சின்ன அறைக்குள் வந்தன.

"என்ன சித்தி, பெட்டிக்குள்ளயா இருக்கீங்க?" என்றான் ஜான்தோஸ். சிரித்துக்கொண்டே கேட்டான். "சாப்ட்டீங்களா?"

"இப்ப ஆட்டம் நடக்குது. நாலு பேர் என்னை நம்பி நிக்கறாங்க. வெளியில போ. நான் வந்து பேசறேன்."

"நீங்க விளையாடுங்க சித்தி. நான் நாளன்னைக்குத்தான் எடுத்துட்டுப் போவேன்."

"நாளன்னைக்கும் எடுக்க மாட்டே."

"அம்மாச்சி குடுத்துட்டாங்களே."

"அது அம்மாச்சியோடது இல்ல. ஒவ்வொரு பாகமா நான் வாங்கிச் சேர்த்தது. நீ அஸ்தானால சூட்டு போட்டுட்டுச் சுத்தறப்ப, நான் இங்க புழுதி தின்னுட்டு லாரிக்கு எடை போட்டு வாங்கினது."

"யப்பா, ஊர் முழுக்கக் கேக்குது," என்று ஷோல்பானின் குரல் அருகே வந்தது. "பெத்தவ குடுத்த வாக்கை எந்திரத்துக்குள்ள இருந்து கத்தி மறுக்கறியே, வெக்கமா இல்ல? இதுக்கு வாயை மூடத் தெரியாதா? எங்கேடா இதோட வயரு?"

"அக்கா, தொடாதே. ஷோல்பான், சொல்றேன், தொடா..."

திரை கறுத்தது.

லேப்டாப்பில் ஒரு சிறிய வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கைப்பேசியில் திமூரின் செய்தி வந்தது. "முடிஞ்சுது அக்கா. பரவாயில்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." மூன்று வருடத்தில் முதல் முறையாக அவன் அவளைக் கேப்டன் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றான். இரக்கப்பட்டிருக்கிறான். அவன் திட்டியிருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்கும். இரக்கப்பட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எடை மேடையில் தன் வேலை முறையைக் கூட வேலை செய்யும் கலீனாவிடம் மாற்றிக்கொண்டு, மறுநாள் காலைப் பேருந்தில் ஏறினாள்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் பேச்சுக் கொடுத்தான். பேரைக் கேட்டான். சொன்னாள். "ஓ," என்று தலையாட்டினான். "உங்களுக்குப் பின்னாடி தம்பி பொறந்தானா?"

அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் கேட்கிற கேள்விதான். உல்போல்சின் என்றால் மகனாக இருக்கட்டும் என்று பொருள். பெண் பிறந்த வீட்டில், அடுத்ததாவது ஆணாக வரட்டும் என்று வேண்டி வைக்கிற பெயர். அப்படியென்றால் அவள் பெயரில் அவள் இல்லை, வராத ஒருவன்தான் இருந்தான். அவன் வரவேயில்லை.

"பொறக்கல," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மார்ச் மாதத்துப் புல்வெளி, அழுக்குப் பனித் திட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தது.

மகன் வராத வீட்டில் மகனின் வேலையெல்லாம் இவள் தலையில் விழுந்தது. குதிரைகளுக்குக் குளிர்காலத் தீவனம் சேர்த்தாள். ஆட்டை அறுக்கும்போது காலைப் பிடித்துக்கொண்டாள். ஷோல்பானுக்குக் கல்யாணம் ஆனபோது பெட்டி, மெத்தை, தையல் மிஷின், கம்பளம் என்று சீர்வரிசை முழுவதையும் மூன்று மாடி இறக்கி லாரியில் ஏற்றிக் கயிறு கட்டியவள் இவள். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போகவும் வரவும் அவரை முதுகில் சுமந்தாள். "நீதாண்டி என் புள்ள," என்பார் அப்பா அப்போதெல்லாம். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இரண்டு மாப்பிள்ளை வீட்டாரைத் திருப்பி அனுப்பினாள். அவள் போய்விட்டால் இவர்களை யார் பார்ப்பது?

அப்பா இறந்தார். வாசலில் கோலை ஊன்றி நின்று அழுது, வருகிறவர்களைத் தழுவிக்கொள்வது மகனின் இடம். உல்போல்சின் கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெரியப்பா மகன் ஏற்கெனவே அங்கே கோலோடு நின்றிருந்தான். "உள்ள போம்மா. பொம்பளைங்க இருக்கிற இடத்துல இரு," என்றான். அப்பாவை ஒருநாள்கூட எட்டிப் பார்க்காதவன். குதிரைகளும் அவனுக்கே போயின. வம்சத்துச் சொத்து ஆண்வழியில்தானே போகும் என்றார்கள்.

அன்றைக்குக் கோபம் வரவில்லை. மரத்துப்போயிருந்தாள். பிறகு வேலைக்காகச் சுரங்கத்துக்குப் போனாள். பாதி மாதம் அங்கே, பாதி மாதம் வீட்டில். விடுதியில் லாரி ஓட்டுநர்கள் ஐவர் மாலையில் உட்கார்ந்து இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுவார்கள். ஒருநாள் ஐந்தாவது ஆளுக்குக் காய்ச்சல். "எடை மேடை அக்கா, சும்மா உக்காருங்க, ஆள் கணக்குக்கு," என்று கூப்பிட்டார்கள். உட்கார்ந்தாள். அந்த வாரத்திலேயே மற்ற நால்வரையும் தோற்கடித்தாள்.

அந்த விளையாட்டில் அவள் யாருக்குப் பதிலாகப் பிறந்தாள் என்று எவரும் கேட்கவில்லை. பாலத்தைப் பிடி என்றால் பிடித்தார்கள். பின்வாங்கு என்றால் பின்வாங்கினார்கள். கேப்டன் என்றார்கள். அது அவளாகச் சம்பாதித்த பெயர்.

இன்னொன்றும் உண்டு. விடுதியில் இருக்கிற நாட்களில், மாலையில் அவள் இங்கே லேப்டாப்பைத் திறந்தால் அங்கே சின்ன அறையில் விளக்கு எரியும். நகிமா ஒரு கிண்ணம் பால் தேநீரோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையின் முன் உட்காருவாள். விளையாட்டு ஒன்றும் புரியாது. ஓடுகிற உருவத்தைப் பார்த்து, "மெதுவா ஓடு, மூச்சு வாங்கும்," என்பாள். முடிந்ததும் கம்ப்யூட்டருக்குக் குளிரும் என்று வெல்வெட் துணியைப் போர்த்திவிடுவாள். சூடாகிவிடும், போர்த்தாதே என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாள்.

அந்த அம்மாதான் எடுத்துக்கோ என்று சொல்லியிருக்கிறாள். புல்வெளி முழுவதும் உல்போல்சினை அந்த ஒரு சொல் குத்திக்கொண்டே வந்தது. ஜான்தோஸ் மேல் வந்தது எரிச்சல். ஷோல்பான் மேல் வந்தது ஆத்திரம். அம்மா மேல் வந்ததற்குப் பெயர் தெரியவில்லை.

மாடி ஏறிக் கதவைத் திறந்தபோது, செருப்பு வைக்கிற பலகைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் நின்றது. அவளுடைய படுக்கைப் போர்வையாலேயே சுற்றிக் கயிறு போட்டிருந்தார்கள். போர்வையின் ஓரத்தில் வெல்வெட் துணியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

கூடத்தில் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உல்போல்சின் பூட்ஸைக் கழற்றவில்லை. சேறு ஒட்டிய காலோடு கம்பளத்தின் மேல் நடந்து போய் மேஜை முன்னால் நின்றாள். அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம்.

"காலு," என்றாள் நகிமா, பயந்துபோய்.

"இருக்கட்டும்."

"வா, வா," என்றாள் ஷோல்பான். "வரமாட்டேன்னு நெனச்சேன். பெட்டியிலிருந்துதான் பேசுவியோன்னு. உக்காந்து சாப்பிடு. அப்புறம் சண்டை போடலாம்."

"வயரைப் புடுங்கினது நீதானே?"

"ஆமா, நான்தான். என்ன இப்ப? ராஜாங்கம் போயிடுச்சா?"

"போயிடுச்சு. அஞ்சு பேரோட மூணு வருஷம் போயிடுச்சு."

"அய்யோ பாவம். அந்த அஞ்சு பேர் யாரு? உன்னைக் கட்டிக்கப் போறவங்களா?"

ஜான்தோஸ் கரண்டியைக் கீழே வைத்தான். "அம்மா, விடும்மா. சித்தி, கோபப்படாதீங்க. உங்களுக்கு இது தெரியாததா? ஜியென் கேட்டா குடுக்கணும். நான் என்ன திருடினேனா? அம்மாச்சிகிட்ட கேட்டேன், குடுத்தாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அவங்க வீட்ல சொல்லிட்டேனே. இப்பப் போய் இல்லேன்னா என்னை எப்படி மதிப்பாங்க?"

"என் பொருளை வெச்சு நீ அங்க பெரிய மனுஷன் ஆகணும்."

"உங்க பொருள், எங்க பொருள்னு எல்லாம் ஜியென்கிட்ட கிடையாது சித்தி. நகஷி வீட்டுப் பொருள். அவ்வளவுதான்." நகஷி என்றால் தாய்வழிச் சொந்தம்.

"சரி," என்றாள் உல்போல்சின். அவள் குரல் சட்டென்று தாழ்ந்தது. மற்றவர்களுக்கு அது கத்தலைவிடப் பயமாக இருந்தது. "நகஷி வீடு. இந்த வீட்ல நான் யாரு?"

நகிமா ஷோல்பானைப் பார்த்தாள்.

"உன்னைத்தாம்மா கேக்கறேன்." அம்மா பக்கம் திரும்பினாள். "இன்னைக்குச் சொல்லு. அக்காவும் அவ புள்ளையும் சாட்சியா இருக்கட்டும். நான் இந்த வீட்டுக்கு ஆம்பளைப் புள்ளயா, பொண்ணா?"

"என்னடி கேள்வி இது? சாப்பாட்டு நேரத்துல."

"ஆம்பளைப் புள்ளன்னு சொல்லு, ஜான்தோஸ் தூக்கிட்டுப் போகட்டும். நானே கீழ இறக்கித் தரேன். இந்த வீட்ல எதையெதையோ நான்தானே இறக்கினேன். ஆனா நான் ஆம்பளைப் புள்ளன்னா, அப்பாவோட குதிரைங்க எங்கே? பெரியப்பா மகன்கிட்டேருந்து வாங்கிக் குடு. அப்பா செத்தன்னைக்கு வாசல்ல நான் நிக்கவேண்டிய இடத்தைத் திரும்பக் குடு. குழியில ஒரு பிடி மண் போட விடல என்னை. அதைக் குடு. எல்லாத்தையும் குடுத்துட்டு, இதை எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"செத்தவரை ஏன் இழுக்கறே?" என்றாள் ஷோல்பான்.

"நீ பேசாதே. நீ பேசினா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல." உல்போல்சினின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. "வேலை செய்யறதுக்கு நான் ஆம்பளைப் புள்ள. சுமக்கறதுக்கு ஆம்பளைப் புள்ள. குடுக்கறதுக்கு ஆம்பளைப் புள்ள. வாங்கறதுக்கு மட்டும் பொம்பளை, உள்ள போ. இல்லம்மா, இனிமே ரெண்டும் நடக்காது. ஒண்ணு சொல்லு. பொண்ணுன்னா பொண்ணு. பொண்ணுன்னு சொன்னா, அந்தப் பெட்டி இந்த வீட்டுப் பொருளே இல்ல. அது என் சீரு."

ஷோல்பான் உண்மையாகவே சிரித்துவிட்டாள். "சீரா? நாப்பத்திமூணு வயசுல சீராம். மாப்பிள்ளை எங்கடி, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கானா?"

"உன் சீரு லாரில போச்சு. கயிறு கட்டினது நான். அன்னைக்கு எந்த ஜியெனாவது வந்து உன் தையல் மிஷின் வேணும்னு கேட்டானா? கேப்பானா? பொண்ணோட சீர்ல எவனும் கை வைக்கமாட்டான். எனக்கு யாரும் சீர் சேக்கல. நானே சேர்த்தேன். கல்யாணம் நடந்தா கூடப் போகும். நடக்கலேன்னா இங்கயே இருக்கும். நான் செத்தா என்கூடப் பொதைங்க. ஆனா அது என்னோடது."

ஜான்தோஸ் தாயைப் பார்த்தான். தாய் முகத்தில் சிரிப்பு இல்லை. பெண்ணின் சீரில் கை வைக்க ஜியெனுக்கும் உரிமை இல்லை என்று அவளுக்கும் தெரியும். அந்த ஊரில், அந்த மனிதர்களுக்கு நடுவில், அதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

நகிமா கிண்ணத்தைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை, திரும்பக் கீழே வைத்தாள்.

"பேர் வெச்சது உங்கப்பா," என்றாள். யாரையும் பார்க்காமல் பேசினாள். "சரின்னு தலையாட்டினது நான். உன்னைக் கூப்பிடறப்பல்லாம் நான் உன்னையா கூப்பிட்டேன்? வராதவனைத்தான் கூப்பிட்டேன். அது தெரிஞ்சும் கூப்பிட்டேன்." தலைத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு. நீ என் பொண்ணு. சின்னப் பொண்ணு."

உல்போல்சின் இத்தனை வருடமாகக் காத்திருந்த சொல் வந்துவிட்டது. ஆனால் கோபம் தணியவில்லை. இப்படிப் பிடுங்கித்தானே வாங்க வேண்டியிருந்தது என்று இன்னும் ஏறியது.

"அம்மா," என்றாள் ஷோல்பான். "நீ வாக்குக் குடுத்துட்டே. ஜியென் மனசு நொந்தா..."

"தெரியும். கை நடுங்கும்." நகிமா தன் கையை மேஜை மேல் விரித்துக் காட்டினாள். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "எழுபத்தஞ்சு வயசாச்சு, ஏற்கெனவே நடுங்குது. இதுக்கு மேல நடுங்க என்ன இருக்கு? ஜான்தோஸ், கண்ணு, எனக்குச் சொந்தமில்லாததைக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது. என் சுவர்ல இருக்கிற கம்பளம் என்னோடது. அதை எடுத்துக்கோ."

"கம்பளம் வேண்டாம்," என்றான் ஜான்தோஸ்.

அவன் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. இவ்வளவு நேரம் இருந்த பேங்க் மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. "ரொம்ப சந்தோஷம் சித்தி. ஜியெனுக்கு இல்லேன்னு சொன்ன வீடுன்னு ஊர்ல பேசுவாங்க. கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும். வராட்டியும் பரவாயில்ல."

"உன் கல்யாணத்துக்கு வருவேன்," என்றாள் உல்போல்சின். "வெறுங்கையோட வரமாட்டேன். நான் குடுக்கணும்னு நெனச்சதைக் குடுப்பேன். நீ புடுங்கறதைக் குடுக்கமாட்டேன்."

"உங்க விளையாட்டையே கட்டிக்கிட்டு இருங்க."

"இருப்பேன்."

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஷோல்பான் உள்ளறையில் பையை அடைத்தாள், சத்தம் கேட்க வேண்டும் என்றே அலமாரிக் கதவுகளை அறைந்தாள். ஜான்தோஸ் கைப்பேசியில் வண்டிக்குச் சொன்னான். பொட்டலத்தைத் தாண்டிப் போகும்போது அவன் கால் அதில் தட்டியது. வேண்டுமென்றா, தெரியாமலா என்று சொல்ல முடியாது. உல்போல்சின் ஓர் அடி முன்னால் வந்தாள். அவன் விலகிப்போய், பளபளக்கும் ஷூவைக் குனிந்து மாட்டிக்கொண்டான். கோபத்தில் லேஸ் முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினான்.

விருந்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. நகிமா சமையலறையில் பொரித்த மாவு உருண்டைகளையும் கறித் துண்டுகளையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு வந்தாள். நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜான்தோஸ் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் கதவைத் திறந்து படியிறங்கினான். "நான் கீழ இருக்கேம்மா," என்ற குரல் மட்டும் மேலே வந்தது.

ஷோல்பான் மேல்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். உல்போல்சின் அம்மாவின் கையிலிருந்து மூட்டையை வாங்கி அக்காவிடம் நீட்டினாள். ஷோல்பான் உடனே வாங்கவில்லை.

"ஒரு விளையாட்டுக்காகப் பண்றே," என்றாள். "கூடப் பொறந்தவளை விரட்டறே."

"நான் விரட்டல. நீ புடுங்க வந்தே."

"அப்படியேதான் இருக்கே. சின்ன வயசுலயே பிடிவாதம்."

"சின்ன வயசுல நான் எதையும் பிடிச்சு வெச்சதே இல்ல ஷோல்பான். யோசிச்சுப் பாரு. வண்டில போறப்ப யோசி."

கீழே வண்டியின் ஹாரன் அடித்தது. ஷோல்பான் மூட்டையைப் பிடுங்குவதுபோல் வாங்கிக் கோட்டின் உள்பக்கம் அணைத்துக்கொண்டாள். அம்மாவின் கன்னத்தில் கன்னம் வைத்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருமுறை நின்ற மாதிரி இருந்தது. பிறகு காலடிகள் இறங்கிக்கொண்டே போயின.

கதவை அறைய வேண்டும் என்ற வேகம் உல்போல்சினின் தோள் வரைக்கும் வந்தது. பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். உல்போல்சின் கதவை மெல்லச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று சுற்றினாள்.